வியாழக்கிழமைக்குத் தந்த லீவு

முதலில் என் எழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். அது கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சாமான் அறைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதினதுதான்: கதிரை இவ்வளவு, சமையல் கிடாரம் இவ்வளவு. பிழை கண்ட இடத்தில் திருத்தி வாசியுங்கள். சில இடங்களில் பேனை கடதாசியைக் கிழித்திருக்கிறது. அது எழுத்துத் தெரியாததால் வந்த கிழிசல் இல்லை, கோபத்தால் வந்தது.

காங்கேசன்துறை வீதியோரம் இருக்கிற ஒரு கலியாண மண்டபத்தில் நான் வேலை செய்கிறேன். வாசலில் வாழை கட்டுவேன், தோரணம் கட்டுவேன், கதிரை அடுக்குவேன், பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கிற மணவறையைத் தூக்கி மேடையில் வைப்பேன். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடுவேன். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு இலையும் அள்ளுவேன். மண்டபம் திறந்த நாளில் இருந்து இதுதான் என் வேலை.

இந்த வேலையில் வெளி ஆட்களுக்குத் தெரியாத ஒரு சங்கடம் இருக்கிறது. நல்ல நாள் எல்லாருக்கும் ஒரே நாள்தான். என் சொந்தக்காரர் வீட்டில் கலியாணம் என்றால் அன்றைக்கு மண்டபத்திலும் கலியாணம். தங்கச்சியின் மகளுக்குத் தாலி ஏறிய நேரத்தில் நான் இங்கே யாரோ ஒருவருடைய மகளுக்கு வாழைப்பழம் அடுக்கிக்கொண்டு நின்றேன். செத்த வீடுகளுக்கு மட்டும் ஒழுங்காகப் போயிருக்கிறேன். சாவு நாள் பார்த்து வருவதில்லை.

எங்கள் முதலாளி என்னைவிட இளையவர். கொஞ்சக் காலம் லண்டனில் இருந்துவிட்டு வந்து மண்டபத்தைக் கட்டினவர். வாடிக்கைக்காரர் முன்னால் என்னை 'அண்ணை' என்பார், 'நீங்கள்' என்பார். "இவர் எங்கடை வீட்டு ஆள் மாதிரி" என்று தோளில் கையும் போடுவார். அவருடைய அலுவல் அறையான கந்தோருக்குள் போய்க் கதவைச் சாத்தினால் 'நீர்'. கோபம் வந்தால் அதுவும் போய்விடும்.

அந்தக் கந்தோர்ச் சுவரில் இரண்டு பஞ்சாங்கக் கலண்டர் தொங்கும். ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். யாழ்ப்பாணத்தில் சில குடும்பம் இதைப் பார்க்கும், சில குடும்பம் அதைப் பார்க்கும். திதி தொடங்குகிற நேரமும் முடிகிற நேரமும் ஒன்றில் ஒரு விதம், மற்றதில் ஒரு விதம். அதனால் ஒருவருக்கு நல்லதான நாள் மற்றவருக்கு ஒரு நாள் முந்தியோ பிந்தியோ போய்விடும். முதலாளி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"ரெண்டு பஞ்சாங்கம் இருக்கிறது எங்களுக்குக் கடவுள் தந்த வரம். ஒருத்தர் புதன் எண்டால் மற்றவர் வியாழன் எண்டுவார். ரெண்டு நாளும் மண்டபத்திலை விளக்கெரியும்."

நானும் கூடச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

எனக்கு ஒரே ஒரு மகள். கீரிமலைக்குப் போகிற வழியில் ஒரு வீட்டில், மோட்டார் திருத்துகிற பெடியன் ஒருவனைப் பேசி முற்றாக்கினோம். கலியாணம் கோயிலில் வைப்பது என்றும், அதற்கு ஒரு கிழமை முந்தி பொன்னுருக்கு வைப்பது என்றும் முடிவானது. பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடக்கும். தாலிக்கான பொன்னை நகை செய்கிற பத்தர் சபை முன்னால் உருக்குவார். பெண் அங்கே போகக் கூடாது. பொன் உருகின நேரத்தில் இருந்து தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பெண்ணுக்காகப் போய் இருப்பது தாயும் தகப்பனும்தான். உருகின பொன்னைத் தட்டத்தில் வைத்துக் கொண்டுவந்து, எங்கள் பக்கத்தில் முதலில் பெண்ணின் தகப்பனிடம் நீட்டுவார்கள். அவர் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் மற்ற ஆட்களிடம் போகும்.

மகள் என்னிடம் ஒரு வேலை தந்திருந்தாள்.

"அப்பா, பொன் உருகேக்கை என்ன நிறமா இருக்குமெண்டு வடிவாப் பாத்து வந்து சொல்லுங்கோ. அம்மாவைக் கேட்டால் பிரயோசனமில்லை. அவ சனத்தின்ரை சீலையைத்தான் பாத்துக்கொண்டு வருவா."

"ஓமடி, உன்ரை அப்பா மட்டும் பேசாமல் மூலையிலை குந்தியிருந்து எல்லாத்தையும் பாப்பார்" என்றாள் மனைவி.

அது சரிதான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கத் தெரியாதவன் நான். ஆனால் பார்க்கத் தெரியும். அதைச் செய்து தருகிறேன் என்று மகளுக்குச் சொல்லியிருந்தேன்.

எங்கள் ஐயர் வியாழக்கிழமை என்று நாள் குறித்துத் தந்தார். விடிய வெள்ளன முகூர்த்தம். நான் இரண்டு கிழமை முந்தியே முதலாளியிடம் கேட்டேன். அவர் கலண்டரைப் பார்த்தார். வியாழக்கிழமைக்கு ஒருவரும் மண்டபம் பதியவில்லை. அந்த முகூர்த்தத்துக்கு எழும்பிக் குளிக்க வெளிநாட்டு ஆட்களால் முடியாது என்று சொல்லிச் சிரித்தார்.

"போட்டு வாரும். உம்மடை பிள்ளை எங்கடை பிள்ளையெல்லோ."

எனக்கு மனம் நிறைந்துபோனது. அதை வீட்டில் வந்து சொல்லிப் பெருமையும் பட்டேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மாப்பிள்ளையின் தகப்பன் போன் எடுத்தார்.

"சம்பந்தி, ஒரு சின்னப் பிசகு நடந்துபோச்சு. கனடாவிலை இருக்கிற எங்கடை அண்ணை இப்பதான் கேக்கிறார், எந்தப் பஞ்சாங்கத்திலை நாள் எடுத்தனீங்கள் எண்டு. நாங்கள் பரம்பரையாத் திருக்கணிதம். அதிலை வியாழன் விடிய முதலே திதி முடியுதாம். நாளைக்குக் காலமைதான் சரிவருமாம்."

சாதகம் பார்த்தோம். பொருத்தம் பார்த்தோம். பெடியன் குடிக்கிறானா என்று அவன் வேலை செய்கிற இடத்தில் ஆள் வைத்து விசாரித்தோம். நீங்கள் வாக்கியமா திருக்கணிதமா என்று மட்டும் நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒவ்வொரு வீடும் தன்னுடைய பஞ்சாங்கம்தான் உலகத்துக்கே பஞ்சாங்கம் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. இதில் ஒருவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் நல்ல மனதோடு விட்ட பிழை அது.

அடுத்த நாள் புதன். மண்டபத்தில் வெளிநாட்டில் இருந்து வந்தவர்களின் கலியாணம். அவர்களும் திருக்கணிதம்.

நான் கந்தோர் வாசலில் போய் நின்றேன். முதலாளி போனில் கதைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அவர் போனை வைத்துவிட்டு நிமிர்ந்ததும் அடுக்கினது எல்லாம் சரிந்துவிட்டது.

"என்ன?"

"நாளைக்கு... பொன்னுருக்கு நாளைக்காம்."

"ஆற்றை பொன்னுருக்கு?"

"என்ரை பிள்ளையின்ரை."

"அது வியாழன் எண்டெல்லோ சொன்னனீர்?"

பஞ்சாங்கம் மாறின கதையைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் மரக்கறிக் கணக்குப் பார்க்க வந்து நின்ற சமையல்கார அண்ணை, "உரத்துச் சொல்லடாப்பா, சுவரோடை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாய்" என்றார். நான் திரும்பவும் சொன்னேன். அதனால் என் வீட்டு விசயம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

முதலாளி கதிரையில் சாய்ந்தார். "நான் லீவு தரமாட்டன் எண்டு சொன்னனானோ? கேட்டீர், தந்தன். வியாழக்கிழமை உமக்கு லீவு. அந்த லீவு அங்கைதான் இருக்கு. உங்கடை பஞ்சாங்கம் மாறினதுக்கு நான் என்ன செய்யிறது?"

"ஒரு காலமைதான்..."

"பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டுச் சடங்கு. அதிலை உமக்கென்ன வேலை? பத்தர் உருக்குவார், அவை பாப்பினம். பலகாரம் சாப்பிடுறதுக்கு மனிசியை அனுப்பும்."

எந்தச் சடங்கில் யார் எங்கே இருக்க வேண்டும் என்று வாடிக்கைக்காரருக்கு வகுப்பெடுக்கிற மனிசன் இவர். பெண்ணின் தகப்பன் ஒரு அடி தள்ளி நின்றாலும் கையைப் பிடித்துக் கொண்டுபோய் இடத்தில் நிறுத்துவார். "தகப்பன் இல்லாமல் என்ன சபை?" என்று அவர் சொன்னதை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அந்தச் சட்டம் மண்டபத்துக்குப் பதிந்தவர்களுக்கு மட்டும்தானாம்.

சமையல்கார அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. "தம்பி, இவன்ரை பொன்னுருக்குக்கு இவன் போகாமல் நானோ போறது? ஜெனரேட்டரை என்ரை பெடியள் போடுவாங்கள்" என்றார்.

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "சரி. விடிய வந்து வாழை, தோரணம், மணவறை எல்லாம் முடிச்சுப்போட்டு ஒரு மணித்தியாலம் போட்டு வாரும். நான் ஆக்களை விடாத முதலாளி எண்டு வெளியிலை கதை வரக்கூடாது."

நான் அதற்கு நன்றி சொன்னேன். அதையும் எழுதத்தான் வேண்டும். வெட்கம்கெட்டு இரண்டு தரம் நன்றி சொன்னேன்.

வீட்டில் மனைவி நன்றி சொல்லவில்லை. "ஊரிலை உள்ள பிள்ளையளுக்கெல்லாம் வாழை கட்டினியள். சொந்தப் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம் பிச்சை வாங்கிக்கொண்டு வாறியள்" என்றாள். மகள் எனக்காக வெள்ளைச் சேட்டு ஒன்றை அயன் பெட்டியால் மினுக்கி வைத்திருந்தாள். அதை மனைவியே கொண்டுபோகட்டும், மாப்பிள்ளை வீட்டில் போய் மாற்றுகிறேன் என்றேன். மண்டபத்தில் மண்டபத்துச் சேட்டைத்தான் போட வேண்டும். முதுகில் பெரிதாக மண்டபத்தின் பெயர் இருக்கும்.

புதன்கிழமை இருட்டோடு போனேன். வாழை கட்டினேன், தோரணம் கட்டினேன், மணவறையைத் தூக்கி வைத்தேன். வெளிச்சம் வருகிறபோது எல்லாம் முடிந்துவிட்டது. முதலாளியிடம் போய் நின்றேன்.

"மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கட்டும்" என்றார்.

அவர்கள் வந்து இறங்கினார்கள். பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். அவன் உடுப்பு மாற்றுகிற அறையில், வேட்டியைக் கட்டத் தெரியாமல் நின்றான். வாசலில் நிறையப் பேர். முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தபடி வந்தார். "அண்ணை, நீங்கள் ஒருக்கா இந்தச் செம்பைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. தம்பி வந்திடுவார்."

அண்ணை. நீங்கள். நான் செம்பை வாங்கிக்கொண்டு நின்றேன்.

தம்பி வந்தான். வீடியோக்காரன் வெளிச்சம் சரியில்லை என்றான். மாப்பிள்ளையைத் திரும்பவும் வாசலுக்குப் போய் நடந்து வரச் சொன்னான். அவர் நடந்து வந்தார். மாப்பிள்ளையின் தாய் கமராவைப் பார்த்துவிட்டாவாம், அதனால் திரும்பவும் போனார்கள். மேலே ஒரு சின்ன விமானம் இலையான் மாதிரி இரைந்துகொண்டு சுற்றியது. அதுவும் ஒரு தரம் படம் பிடிக்க வேண்டுமாம், அதற்காக இன்னொரு தரம். நான் தண்ணீர்ச் செம்போடு படிக்கட்டில் நிற்கிறேன். காற்சட்டைப் பையில் போன் அதிர்கிறது. நிற்கிறது. திரும்பவும் அதிர்கிறது. மனைவிதான் என்று தெரியும். இரண்டு கையாலும் செம்பைப் பிடித்திருக்கிறேன்.

அந்த மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு என்ன தெரியும்? நான் அந்த நேரம் வேறொரு சபையில் இருக்க வேண்டிய தகப்பன் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லையே. தெரிந்த ஒருவர் இரண்டடி தள்ளி நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார்.

கால் கழுவி முடிந்தது. செம்பைப் படியில் வைத்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. பின்பக்கம் போய்ச் சைக்கிளை எடுத்தேன்.

"அண்ணை, எங்கை போறியள்?" என்று முதலாளி சிரித்த முகத்தோடு கேட்டார். பக்கத்தில் வாடிக்கைக்காரர் நின்றார்கள். நான் சைக்கிளில் ஏறினேன்.

வீதியால் மிதித்த மிதியில் நெஞ்சு வாய்க்குள் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் படலைக்குப் போகவே உமிக் கரியின் மணம் வந்தது. உலை வேலை முடிந்திருந்தது. பத்தர் தன் இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொன் தட்டத்தில் இருந்தது, ஒரு புளியங்கொட்டை அளவு. ஆறிவிட்டது. எல்லாரும் தொட்டு முடித்து, தட்டம் கடைசிக் கதிரையில் இருந்தது. முதல் கதிரையில், நான் இருக்க வேண்டிய இடத்தில், என் மனைவியின் தமையன் கால் மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார்.

"முகூர்த்தம் பொறுக்குமோ மச்சான்? அதுதான் நான் வாங்கினன்" என்றார். அந்தக் கதையை அவர் இன்றுவரைக்கும் போகிற வீடெல்லாம் சொல்லுகிறார்.

மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பி வந்தார். "வாங்கோ சம்பந்தி. உங்களுக்கு இதைவிடப் பெரிய கலியாணம் ஒண்டு மண்டபத்திலை போல."

எல்லாரும் சிரித்தார்கள். பகிடிக்குத்தான் சொன்னார். ஆனாலும் அதற்குள் ஒரு முள் இருந்தது. எந்தத் தகப்பனும் தாங்க வேண்டிய முள் இல்லை அது. நான் சேட்டு மாற்ற நேரம் இருக்கவில்லை. முதுகில் இருந்த பெயரைக் காட்டாமல் இருக்கச் சுவரோடு சாய்ந்து இருந்தேன். தட்டத்தை என்னிடமும் கொண்டுவந்தார்கள். தொட்டுக் கும்பிட்டேன். பொன் குளிர்ந்து கிடந்தது.

பின்னேரம் நானும் மனைவியும் வீட்டுக்குப் போனபோது மகள் வாசலில் நின்றாள்.

"அப்பா, என்ன நிறம்?"

"நான் பாக்கேல்லைப் பிள்ளை. பிந்திப்போனன்."

அவள் தாயைப் பார்த்தாள். சீலைகளைப் பற்றி ஏதாவது வரும் என்று நானும் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கிறாய்?" என்றாள் மனைவி. "நான் எங்கை பொன்னைப் பாத்தன்? உன்ரை அப்பாவைக் காணேல்லையெண்டு படலையைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

என் பிள்ளையின் தாலிப் பொன் உருகினதை அவளுடைய தாயும் பார்க்கவில்லை, தகப்பனும் பார்க்கவில்லை. மகள் என் சைக்கிளை வாங்கிச் சுவரோடு சாத்தினாள். பிறகு, "பொன்தானே அப்பா. மஞ்சளாத்தான் இருந்திருக்கும். கை காலைக் கழுவிப்போட்டு வாங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அடுத்த நாள் வியாழக்கிழமை. நான் வேலைக்குப் போனேன். முதலாளி கந்தோரில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"இண்டைக்கு உமக்கு லீவெல்லோ? ஏன் வந்தனீர்?"

"பொன்னுருக்கு நேற்று முடிஞ்சுது."

"அப்ப நேற்றும் லீவு, இண்டைக்கும் லீவு. நான் ரெண்டு நாள் தந்திருக்கிறன். வேறை எந்த முதலாளி தருவான்?" பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, "எல்லாம் நல்லா நடந்ததோ?" என்றார்.

நான் "ஓம்" என்றேன்.

அவர் என்னை விடாததைவிட, செம்போடு நிறுத்தினதைவிட, அந்த ஓம்தான் என்னை அறுக்கிறது. எத்தனை வருடமாக இந்த வாயில் இருந்து வேறு ஒன்றும் வரவில்லை. கதிரையைக் கழுவினீரோ, ஓம். நாளைக்கும் வருவீரோ, ஓம். பிள்ளையின் பொன்னுருக்கு நல்லாக நடந்ததோ, அதற்கும் ஓம்.

அடுத்த கிழமை கலியாணம். தாலி கட்டினதும் திரும்பி வர வேண்டும் என்று முதலாளி முதலே சொல்லி வைத்திருந்தார். அன்றைக்கு மண்டபத்தில் காலையில் ஒரு கலியாணம், பின்னேரம் ஒரு கலியாணம். கலியாணத்துக்கு முதல் நாள் நான் கந்தோருக்குப் போனேன். இந்தத் தரம் ஒன்றும் அடுக்கிக்கொண்டு போகவில்லை.

"நாளைக்கு நான் வரமாட்டன்."

"என்ன விளையாடுறீரோ? நாளைக்கு ரெண்டு கலியாணம்."

"மூண்டு" என்றேன். "என்ரை பிள்ளையின்ரையும் இருக்கு."

 சமையல்கார அண்ணை அடுப்படியில் இருந்து, "இப்ப கேக்குதடா!" என்று கத்தினார். முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு கலண்டரைப் பார்த்தார். 

அவர் கோயிலுக்கும் வந்தார். என் தோளில் கை போட்டுக்கொண்டு படம் எடுத்தார். "இவர் எங்கடை வீட்டு ஆள்" என்று சம்பந்தியிடம் சொன்னார். அந்தப் படம் அல்பத்தில் இருக்கிறது. மகள் அந்தப் பக்கம் வந்தால் கெதியாகப் புரட்டிவிடுவாள்.

நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். இந்த வயதில் வேறு எங்கே போவது? இப்போது புரட்டாதி. கலியாணம் இல்லாத மாதம். மண்டபம் வெறுமையாகக் கிடக்கிறது. நானே அடுக்கி வைத்த கதிரையில் ஒன்றை இழுத்துப் போட்டு, மகள் படிக்கிற காலத்தில் மிச்சம் விட்ட கொப்பியில் இதை எழுதுகிறேன். முதலாளி கேட்டதற்கு மறுமொழி இதுதான்: நல்லாக நடக்கவில்லை. பொன் என்ன நிறத்தில் உருகியது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பத்தரிடம் கேட்டால் சொல்லுவார். அவர் கண்ட நிறத்தை வைத்துக்கொண்டு நான் என் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்ல?

அந்த ஓமை நான் திருப்பி எடுக்கிறேன்.

பஞ்சாங்கத் தேதி போடவில்லை. 2025 செப்டெம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை.